அடியெடுத்துக் கொடுக்க ஓர் ஆள்

"கொப்பிய விரிச்சா ஒண்டும் வருகுதில்ல சேர்."

ஒலுவில் கம்பஸில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்டது. எழுத்து வராத பிள்ளை இல்லை. பாடசாலை நாட்களில் மீலாத் போட்டி, தமிழ்த் தினப் போட்டி என்று எதையும் விடாமல் எழுதிப் பரிசு வாங்கியவள். இப்போது எழுத உட்கார்ந்தால் பேனை நகர மாட்டேன் என்கிறதாம். கல்முனைப் பக்கம் ஒரு நூல் வெளியீடு முடிந்து எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கும்போது இதே கேள்வியை வேறு வேறு வாயால் கேட்டிருக்கிறேன். அதனால் ஆறுதலாகவே பதில் சொல்கிறேன். நீங்களும் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொள்ளுங்கள்.

அவளிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "போட்டிக்கு எப்படி எழுதின நீ?"

"தலைப்புத் தந்தாங்க. நேரம் வச்சாங்க. எழுதினன்."

விடை அதற்குள்ளேயே இருக்கிறது. வெறுங்கொப்பியின் முன் உட்கார்ந்தவரிடம் சொல்ல விஷயம் ஏராளம். எதைச் சொல்வது என்று தெரிவு செய்வதிலேயே ஆள் களைத்துப் போகிறார். அந்தத் தெரிவை வேறொருவர் செய்து தந்துவிட்டால் மிச்சம் எழுதுவது மட்டும்தான். நாளுக்கு ஒரு வரி, ஒரு சொல், ஒரு சின்னக் கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம். ஆங்கில உலகத்தில் நாளும் எழுதுவதை ஒரு பயிற்சியாகவே வளர்த்துவிட்டார்கள். டொரத்தியா பிராண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1934-ல் வந்த தன் நூலில், கண் விழித்ததும் யாரோடும் பேசாமல், எதையும் வாசிக்காமல் எழுதச் சொன்னார். ஜூலியா கேமரன் 1992-ல், காலையில் கையால் மூன்று பக்கம் என்றார். பிறகு வருடம் முழுவதற்கும் நாளுக்கொரு தலைப்பு என்று கலண்டர், சீட்டுக்கட்டு, போன் செயலி எல்லாம் சந்தைக்கு வந்துவிட்டன.

நமக்கு இதெல்லாம் புதிசு இல்லை. அடியெடுத்துக் கொடுத்தல் தமிழில் எவ்வளவு பழைய சங்கதி! சேக்கிழாருக்குத் தில்லையில் இறைவனே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்பது கதை. செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடித்து முருகனைப் பாடு என்று காளமேகத்தை மடக்கப் பார்த்தார்கள் என்பது இன்னொரு கதை. இந்த வரிசையில் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரிடம் மட்டும் கொஞ்சம் நிற்போம். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் 1874-ல் பிறந்தவர், சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருடைய கேள்விகளுக்கும் வேலைகளுக்கும் ஈடுகொடுத்துச் சதாவதானம் செய்து காட்டினார். அவதானத்தில் ஒரு வேலை, சபையில் யாராவது ஈற்றடி கொடுத்தால் அதற்குப் பொருந்த வெண்பா முடிப்பது. துருக்கனுக்கு, அதாவது முஸ்லிமுக்கு, இராமனே துணை என்று பொருள்படும் ஓர் ஈற்றடியை ஒருவர் பாவலரிடம் நீட்டினார் என்று சொல்வார்கள். ஒரு முஸ்லிம் புலவரிடம் அதை நீட்டியவரின் குறும்பு விளங்குகிறது அல்லவா? பாவலர் முகம் சுளிக்கவில்லை. முந்திய அடியில் பரதனையும் இலக்குவனையும் நிறுத்தி, அந்த அடியின் கடைசியில் ஓர் அசையை மட்டும் கூடுதலாக வைத்தார். அது ஈற்றடியோடு ஒட்டிக்கொண்டதும் துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான். தம்பிக்கு அண்ணன் துணை. யாருக்கு என்ன ஆட்சேபம்?

அந்த ஈற்றடி இல்லாவிட்டால் அந்த வெண்பாவே இல்லை. எதை வேண்டுமானாலும் பாடுங்கள் என்று சபை சொல்லியிருந்தால் பாவலரும் வழக்கமான ஒரு துதியைப் பாடிவிட்டு இருந்திருப்பார். மடக்க வந்த வரிதான் அவருக்குப் புதிய வழியைக் காட்டியது. உருது முஷாயிராக்களிலும் இந்த வழக்கம் உண்டு. தரஹி முஷாயிரா என்பார்கள். முன்கூட்டியே ஓர் அடியைக் கொடுத்துவிடுவார்கள். வருகிற கவிஞர்கள் எல்லாரும் அதே சந்தத்தில், அதே இயைபில் கஸல் எழுதிக்கொண்டு வர வேண்டும். நம் காதுக்குக் கிட்டச் சொன்னால், இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டு. சும்மா ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றால் முழிக்கிறவர், ஓர் எழுத்தைக் கொடுத்ததும் எங்கேயோ கிடந்த பாட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இனி எங்கள் வட்டைக்கு வருவோம்.

அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை, இறக்காமம் என்று இந்தக் கரைநாடு முழுவதும் வயலை நம்பிய ஊர்கள். பரண் கட்டி இரவிரவாகப் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்தவர்களும், மாட்டுவண்டிலில் நெல்மூட்டை ஏற்றிப் போனவர்களும், வீட்டு வேலையோடு நெல் குற்றிய பெண்களும் கவி சொன்னார்கள். இங்கே கவி என்றால் நாலடி நாட்டார் பாட்டு. சொன்னவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் இவற்றைத் தேடித் தேடித் திரட்டினார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனாரும் கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்களைத் தொகுத்து 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்று நூலாக்கியிருக்கிறார். அந்தத் தலைப்பைச் சத்தமாக ஒருதரம் வாசித்துப் பாருங்கள், தூறல் காதிலேயே விழும்.

கவி பிறக்கும் விதத்தைக் கவனித்தால் எழுத வழி தெரியும். பெரும்பாலும் முதல் இரண்டு அடி கண்ணுக்கு முன்னால் கிடக்கும் ஏதாவது ஒன்று: நிலவு, வெற்றிலை, வாய்க்கால் தண்ணீர், வாடைக்காற்று. அடுத்த இரண்டு அடியில் நெஞ்சில் கிடப்பது வெளியே வரும். நேராக நெஞ்சைத் திறந்தால் வெட்கம் வரும், வார்த்தை தடுக்கும். வெற்றிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். என்ன எழுதுவது என்று கேட்கிறவருக்கு நான் சொல்லும் முதல் வழியும் இதுதான். கண்ணில் படும் ஒரு பொருளை இரண்டு வரியில் பாருங்கள். மூன்றாம் வரியில் மனம் எங்கே தாவுகிறதோ அங்கே விட்டுவிடுங்கள். இதற்குக் கலண்டரும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கவியில் ஓர் எதிராள் உண்டு. மச்சான் சொன்ன கவிக்கு மச்சியின் பதில், ஒரு பரணில் எழுந்த கவிக்கு அடுத்த பரணிலிருந்து மறுகவி. இவருடைய கடைசி அடியே அவருக்கு எடுத்துக் கொடுத்த அடி ஆகிவிடுகிறது. பதில் சொல்லாமல் படுத்தால் மானம் போகும். பாவலருக்குச் சபை காத்திருந்தது, முஷாயிராவுக்குப் போகிறவருக்கு நாள் குறித்திருந்தது, அப்துல் ஹமீதிடம் மணி இருந்தது. அடி எடுத்துக் கொடுத்த இடங்களில் எல்லாம், பதிலுக்குக் காத்திருக்கும் ஆளும் அங்கேயே இருந்தார். தலைப்புப் புத்தகம் வாங்கியவர்கள் இரண்டாம் கிழமையே அதை மூடிவைப்பது ஏன் என்று கேட்டால் என் பதில் இதுதான். புத்தகம் தலைப்பைத் தரும். நீங்கள் எழுதினீர்களா என்று அது கேட்காது. போனிடம் கேட்டால் ஒரு நொடியில் நூறு தலைப்புத் தரும். ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்தது, அதுவும் பிடிக்காவிட்டால் அடுத்தது. விட்டு வந்த தெரிவுச் சிக்கல் மறுபடி மடியில் வந்து உட்கார்ந்துவிடும்.

கல்முனையின் நவீன கவிதையும் ஒருவருக்கொருவர் கேட்டு, காத்திருந்து, சண்டை பிடித்துத்தான் வளர்ந்தது. பெரியநீலாவணையின் நீலாவணன் (1931–1975) கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தினார், 'பாடும்மீன்' என்ற சஞ்சிகையைக் கொண்டுவந்தார். கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், மருதமுனையின் மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி என்று ஒரு கூட்டமே இந்தச் சில மைலுக்குள் இருந்தது. நுஃமான் 1969-ல் 'கவிஞன்' சஞ்சிகையைத் தொடங்கினார். தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தத் தெருவில் கவிதைக்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்த காலம் அது. கவியரங்கு என்றால் தலைமை ஒருவர், ஆளுக்கொரு தலைப்பு, குறித்த தேதி. கவியரங்குக் கவிதையைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். கைதட்டலுக்கு எழுதுவது என்பார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் தேதி குறித்து மேடையில் ஏற்றாவிட்டால் ஒரு வரியும் எழுதியிராத எத்தனையோ பேரை அந்த அரங்குகள் எழுத வைத்தன. பயிற்சிக் கொப்பியில் இருப்பதையெல்லாம் அச்சில் ஏற்றத்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

சரி, எப்படிப்பட்ட அடியை எடுத்துக் கொடுப்பது? இணையத்திலிருந்து மொழிபெயர்த்த பட்டியல் ஒன்றை அந்த மாணவி காட்டினாள். முதல் தலைப்பே, பனி பொழியும் இரவில் நீங்கள் தனியே நடந்து செல்கிறீர்கள் என்று இருந்தது. கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கும் ஆடி மாதத்தில் கல்முனைக்குடியில் இருந்துகொண்டு அவள் எந்தப் பனியில் நடப்பாள்? அன்பு, சுதந்திரம், தாய்மை மாதிரித் தலைப்புகளும் உதவாது. அவை போட்டிக்குச் சரி. கொப்பிக்குள் வந்தால், நூறு பேர் சொன்னதை நூற்றோராவது ஆளாகச் சொல்லவைக்கும். கையால் தொடக்கூடிய ஒன்று வேண்டும். அதற்குள் ஒரு சின்னச் சிக்கலும் இருக்க வேண்டும். பெருநாள் பிறையைக் கண்டும் யாரிடமும் சொல்லாத ஆள். கரைவலை இழுக்க வராத ஒருவரின் இடம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பலகாரச் சட்டி. இப்படி.

ஒன்றை எழுதியே பார்ப்போம். தறிச்சத்தம் நின்ற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர் என்பதால் இது இங்கே எல்லாருக்கும் விளங்கும். முதல் மூன்று நிமிடம் கை இப்படித்தான் ஓடும்: ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறி இருந்தது, சாரமும் சேலையும் நெய்தார்கள், இன்று அந்தத் தொழில் நலிந்துவிட்டது. பத்திரிகைக் கட்டுரை. பரவாயில்லை, நிறுத்த வேண்டாம். மேலே கிடப்பதை அள்ளிப் போட்டால்தான் அடியில் கிடப்பது வரும். நான்காம் நிமிடத்தில் யார் அந்த வீட்டில் இருந்தது என்று கேளுங்கள். ஒரு மூத்தம்மா. அவவுக்குக் காது கேட்காது. ஆனாலும் தறி நின்றதை முதலில் அறிந்தது அவதான். திண்ணையில் கால் நீட்டி இருந்தவ, "என்ன, நிலம் அதிருதில்ல?" என்று கேட்கிறா. இந்த இடத்துக்கு வந்ததும் பேனை வேகமெடுக்கும். இத்தனை வருடம் பேரப்பிள்ளைகள் கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் அவவுக்குக் கேட்கவில்லை, தறி மட்டும் கேட்டிருக்கிறது. பத்து நிமிடம் முடிந்ததும் முதல் மூன்று நிமிடத்தை வெட்டிவிடலாம். தறிகளின் வரலாறு போய்விடும், மூத்தம்மா நிற்பா. எடுத்துக் கொடுத்த அடியும் வெட்டோடு போகலாம். போனால் ஒரு நட்டமும் இல்லை.

சோலைக்கிளியின் நூல் தலைப்புகளையும் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். கல்முனைக்காரர். 1985-ல் 'நானும் ஒரு பூனை', 1988-ல் 'எட்டாவது நரகம்'. மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு நரகம் ஏழு என்று தெரியும். ஏழுக்கு மேல் ஒன்றைக் கூட்டினால் அந்த எட்டாவது எங்கே இருக்கிறது, அதில் யார் இருக்கிறார்கள் என்று மனம் தானாகத் தேடப் போகிறது. எல்லாருக்கும் தெரிந்த கணக்கில் ஒன்றைக் கூட்டு, அல்லது ஒன்றைக் குறை. ஆறாம் வக்து, பதின்மூன்றாம் மாதம், ஐந்து பிள்ளை பெற்றவளின் ஆறாம் பிள்ளை. ஒரு மாதத்துக்குத் தேவையான அடிகளை இந்த ஒரு விதியை வைத்தே உண்டாக்கலாம்.

பெரிய துயரங்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். 2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கரையில் யார் தாண்டி எழுத முடியும்? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட உயிர்கள். சுனாமி என்று தலைப்புக் கொடுத்தால் கண்ணீரும் கடலும் என்று தேய்ந்த வார்த்தைகளே வரும். எழுதுகிறவருக்கும் அது வதை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலையில் உங்கள் வீட்டு அடுப்பில் என்ன இருந்தது என்று கேளுங்கள். ரொட்டி என்று ஒருவர் தொடங்குவார். அவர் கடல்வரைக்கும் போகிறாரா, ரொட்டியோடு நின்றுவிடுகிறாரா என்பது அவர் பாடு. நிற்கிறவரைத் தள்ளக் கூடாது. அப்போது பிறந்திராத பிள்ளைகளுக்கு, வீட்டில் யாரும் பேசாத ஒரு போட்டோ என்று கொடுத்தால் போதும்.

நேரத்துக்கு வருகிறேன். நேரம் கிடைக்கும்போது எழுதுவேன் என்கிறவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை. ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு புதியதைக் கட்டிவிட்டால் அது நிலைக்கும் என்று பழக்கங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு நாள் ஐந்து வக்தாகப் பிரிந்தே கிடக்கிறது. சுபஹு தொழுத பிறகு, தேத்தண்ணி கொதிக்கும் மட்டும். அல்லது இஷா முடிந்து சாப்பாட்டுக்கு முன். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அலாரம் தேவையில்லை. சிறிதானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற ஹதீஸை ஜும்ஆ பிரசங்கத்தில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! பத்து நிமிடம் அதிகமாகத் தெரிந்தால் ஐந்து. மூன்று பக்கம் என்ற கேமரனின் கணக்கு, விடிந்ததும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் உம்மாமாருக்குச் சரிவராது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், புதிய முகத்துக்குத் தன் நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் எடுப்பதாக 1960-ல் எழுதினார். அந்தக் குறைந்தது எங்கேயோ விழுந்து, எண் மட்டும் மேடை ஏறிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைப் பன்னிரண்டு கிழமை கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு காரியம் தானாக நடக்கத் தொடங்க எடுக்கும் என்று கணித்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது; நடுக்கணக்கு 66. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை. கல்யாண வீடு, காய்ச்சல், பரீட்சை என்று ஒரு நாள் போகும். மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுத உட்காராதீர்கள்; கடன் என்று நினைத்தால் கொப்பியைக் கண்டாலே ஒளிக்கத் தோன்றும்.

அந்த மாணவிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். உன்னைப் போலவே எழுத ஆசையுள்ள ஒரு கூட்டாளியைப் பிடி. ராத்தாவாக இருக்கலாம், மாமி மகளாக இருக்கலாம். இருபது பேர் உள்ள குழு வேண்டாம். இருபது பேர் இருந்தால் யாரோ எழுதுவார்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். இரவு பத்து மணிக்குள் ஒருத்தி மற்றவளுக்கு ஓர் அடி அனுப்ப வேண்டும். மறுநாள் மஃரிபுக்குள் பதில் போக வேண்டும், போட்டோ எடுத்தோ குரல் பதிவாகவோ. குரல்தான் நல்லது, வாயால் சொல்லும்போது பொய்யான வரி காதில் உறுத்தும். வந்த பதிலில் மனதில் தங்கிய ஒரு வரியை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்லா இருக்கு, சூப்பர் எல்லாம் கூடாது. எழுத்துப் பிழை பார்ப்பதும் இப்போது கூடாது. திருப்பிச் சொன்ன அந்த வரியே அடுத்த நாள் அடியாக இருக்கலாம். பரணிலிருந்து பரணுக்குப் போன மறுகவி அப்படித்தான் போனது.

"கூட்டாளி பதில் போடாட்டி?"

"ஒரு நாள் பாரு. ரெண்டாம் நாள் வீட்டுக்குப் போய்க் கேளு."

"எழுதினதெல்லாம் குப்பையா இருந்தா?"

பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும். ஒரு மாதக் கொப்பியைப் புரட்டினால் இரண்டோ மூன்றோ உயிரோடு கிடக்கும். அவற்றை வேறு கொப்பியில் பெயர்த்து எழுதி, அங்கே வைத்துத்தான் திருத்த வேண்டும். நாளாந்தக் கொப்பியில் திருத்தத் தொடங்கினால் மறுநாள் எழுத்து நின்றுவிடும். மிச்சத்தைக் கிழிக்க வேண்டாம். செத்த பக்கத்திலும் ஒரு பெயர், ஒரு வசவு, ஒரு சமையல் மணம் கிடக்கும். ஆறு மாதம் கழித்து வேறொரு கதையில் அதற்கு இடம் வரும்.

இப்போது அவளும் அவளுடைய சாச்சி மகளும் எழுதுகிறார்கள். போன கிழமை வந்தபோது முறைப்பாட்டோடுதான் வந்தாள். பதினெட்டு வயதுச் சாச்சி மகள் அனுப்புகிற அடியெல்லாம் கஷ்டமாக இருக்கிறதாம். கடைசியாக வந்தது, வாப்பாவுக்குத் தெரியாமல் உம்மா விற்ற பொருள்.

"என்ன எழுதின?" என்று கேட்டேன்.

"அத உங்களுக்குக் காட்டேலா சேர்," என்றாள்.